கச்சான் படுக்கும் நேரம்

உதைபந்தாட்ட இறுதிப்போட்டி நோட்டீஸில் ஆரம்பம் நாலேகால் என்று போட்டிருந்தது. நடுவர் நாணயத்தைச் சுண்டும்போது மணி ஐந்துக்குப் பத்து. இடையில் போன அந்த முப்பத்தைந்து நிமிடத்தைப் பற்றி எட்டு வருடமாக யாரைக் கண்டாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

மட்டக்களப்பைத் தெரியாதவர்களுக்காக முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். கல்லடிப் பாலத்தைத் தாண்டித் தெற்கே போனால் ஒரு பக்கம் வாவி, மற்றப் பக்கம் கடல். நடுவில் நீளமாக ஒரு மணல் துண்டு, அதன் முதுகில் கல்முனை வீதி. எங்கள் ஊர் அந்தத் துண்டில்தான் இருக்கிறது. இறுதிப்போட்டி நடந்த மைதானமும் அங்கேதான், எங்களுக்கு மூன்று ஊர் தள்ளி. மைதானம் கிழக்கு மேற்காகக் கிடக்கும். ஒரு கோல் கம்பம் வாவிக்கு முதுகு காட்டும், மற்றது கடலுக்கு.

அது ஓகஸ்ட் மாதம், கச்சான் காலம். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமெல்லாம் தீர்ந்து காய்ந்த காற்றாக எங்கள் பக்கம் இறங்கும். வயல், வாவி எல்லாவற்றையும் கடந்து சுடச்சுட வந்து முகத்தில் அடிக்கும். உதடு வெடிக்கும், கொடியில் போட்ட துணி அரை மணித்தியாலத்தில் மொறுமொறு என்று காயும். காலையில் வெயில் ஏறும்போது எழும்புகிற இந்தக் காற்று பொழுது சாயப் படுத்துவிடும். எத்தனை மணிக்குப் படுக்கும் என்று எங்கள் ஊர்ப் பெடியன்களுக்குத் தெரியும், ஏனென்றால் அவர்கள் கடலில் நிற்கிறவர்கள்.

கச்சான் நேரத்தில் வாவிப் பக்கமிருந்து கடல் பக்கமாக அடித்தால் பந்து தானே பறக்கும். எதிர்ப்பக்கமாக உயர்த்தி அடித்தால் நடுவானில் நின்று யோசித்துவிட்டுத் திரும்பி வரும். பொதுவாகக் காற்றடிக்கும் மைதானத்தில் முதல் பாதியில் காற்றுக்கு எதிராக ஆடுவார்கள், அடுத்தவன் களைத்த பிறகு இரண்டாம் பாதியில் காற்று கைகொடுக்கும் என்று. எங்கள் கப்டனின் கணக்கு வேறு. நாலேகாலுக்குத் தொடங்கினால் நாலே முக்கால் வரை முழுக் காற்றும் எங்கள் முதுகில். இடைவேளை முடிந்து பக்கம் மாறும்போது ஐந்தாகியிருக்கும், காற்று இறங்கத் தொடங்கியிருக்கும். அவர்களுக்குக் கிடைக்கப்போவது மிச்சம் மீதிதான். பாதிக்கு முப்பது நிமிடம், அந்த முப்பது நிமிடத்தில் இரண்டு கோல் போட்டுவிட வேண்டும். இந்தத் திட்டத்தை அவன் எனக்குச் சொன்னது சனிக்கிழமை இரவு, கடற்கரையில் தோணிக்குப் பக்கத்தில் நின்று, மணலில் குச்சியால் கீறி.

சரி, எதிரணி யார் என்று சொல்லவில்லையே. டவுன் அணி. பெயர் வேண்டாம், நல்ல பெடியன்கள், அவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. வெபர் மைதானத்தில் கிழமையில் மூன்று நாள் பயிற்சி செய்கிறவர்கள். அமெரிக்காவிலிருந்து வந்து மட்டக்களப்பிலேயே வாழ்ந்து முடித்த யேசு சபைத் துறவி ஹரோல்ட் வெபரின் பெயரைத் தாங்கிய மைதானம் அது. எங்கள் மாவட்டத்தில் விளையாட்டு என்று சொன்னால் அந்த மனிதரைச் சொல்லாமல் போக ஏலாது. டவுன் அணிக்குப் பயிற்சியாளர் உண்டு, இருபது பேர் உண்டு, இருபது பேருக்கும் சோடி சோடியாகப் பூட்ஸ் உண்டு. அந்தச் சுற்றுப்போட்டிக் கிண்ணத்தை அதற்கு முந்தின இரண்டு வருடமும் அவர்கள்தான் கொண்டுபோனார்கள்.

எங்களிடம் பதினான்கு பேர். பூட்ஸ் பதினொரு சோடி.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் அந்த அணியில் விளையாடியவன் இல்லை. ஊரில் பிறந்து டவுனில் வேலை செய்கிறவன். ஜேர்சி மூட்டை, தண்ணீர்க் கலன், ஐஸ் பெட்டி, முதலுதவிப் பை எல்லாம் என் பொறுப்பு. அதனால் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் கோலைவிடக் கால்கள்தான் தெரியும். எங்கள் அணியில் ஆள் மாற்றுவதென்றால் வெளியே வருகிறவன் ஓடி வந்து மணலில் விழுந்து லேஸை அவிழ்க்க வேண்டும், உள்ளே போகிறவன் அதே சூடு ஆறாத பூட்ஸுக்குள் காலை விட வேண்டும். அளவு சரிவராவிட்டால் முன்னால் துணி வைத்து அடைப்போம். விதிப்படி காலணி இல்லாமல் ஆட முடியாது. அரையிறுதியில் நடுவர் வந்து "தம்பிமார், கெதியாக" என்றார். "சேர், ஒரு நிமிசம் சேர்" என்று சொல்லிக்கொண்டே நான் முடிச்சைப் பல்லால் இழுத்தேன். அந்தப் பூட்ஸின் உப்பு இப்போதும் நாக்கில் நிற்கிறது.

அரையிறுதி சனிக்கிழமை. இறுதி ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பக்கத்துச் சுற்றுப்போட்டிகள் பெரும்பாலும் இப்படித்தான், ஒரு வார இறுதிக்குள் முடித்துவிட வேண்டும், பந்தல்காரன் வாடகை, ஸ்பீக்கர் வாடகை. சனிக்கிழமை காத்தான்குடிப் பக்க அணி ஒன்றோடு சமநிலையில் முடிந்து, பெனால்டிக்குப் போய், எங்கள் கீப்பர் இரண்டைப் பிடித்ததால் வென்றோம். பதினெட்டு வயது. மெலிந்த பெடியன். கையுறை இல்லாமல் பிடித்தான். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பக்கத்துக் கீப்பர், தோற்றுப்போய் நின்றவர், வேலி ஓரமாக வந்து இவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நானும் பக்கத்தில் நின்றேன். உள்ளங்கை முழுக்கக் குறுக்குக் குறுக்காகக் கயிற்றுத் தடம், விரல் மடிப்புகளில் உப்புப் பட்டு வெடித்த பிளவு, அதில் ஒன்று திறந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கரைவலை இழுக்கிற கை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. தன் கையுறையைக் கழற்றினார்.

"இந்தா தம்பி, நாளைக்கிப் போடு. புறகு தந்தாப் போதும்."

"வேணாம் காக்கா, எனக்குப் பழக்கமில்ல." முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"பழகிடும். போடு."

அன்று இரவு நான் பெடியன்களிடம் கெஞ்சினேன், விடிய வலைக்குப் போகாதீர்கள், ஒரு நாள்தானே என்று. ஒருவனும் முகம் கொடுக்கவில்லை. கடைசியில் ஒருவன் சொன்னான், "போகாட்டிப் பங்கு இல்ல அண்ண." கரைவலையில் சம்பளம் கிடையாது, விழுந்த மீனில் பங்குதான். கச்சானில் கடல் அடங்கிக் கிடக்கும், வலைக்கு நல்ல காலம், அப்படியான நாளில் வீட்டில் படுத்திருக்கச் சொல்ல நான் யார்? ஞாயிற்றுக்கிழமை விடியற்புறம், இறுதிப்போட்டி ஆடப்போகிற பதினொரு பேரில் ஏழு பேர் மணலில் குதியை ஊன்றிக் கயிறு இழுத்தார்கள். ஏழு மணிக்குக் கஞ்சி குடித்தார்கள். மத்தியானம் கொஞ்சம் படுத்தார்கள். மூன்று மணிக்குப் பட்டா என்கிற சின்ன லொறி ஒன்றில் ஏறினோம், பின்தட்டில் பதினான்கு பேரும் நானும் ஐஸ் பெட்டியும். முன்சீட்டில் கப்டனின் அம்மா, மடியில் கோயில் திருநீறு.

பிரதம அதிதி வரவில்லை.

யாரென்று எழுதப்போவதில்லை, எந்த வருடம் யார் என்பதும் இங்கே முக்கியமில்லை. பந்தலில் கதிரைகளுக்கு வெள்ளைத் துணி போட்டுக் காத்திருந்தார்கள். "இன்னும் சில நிமிடங்களில்" என்று அறிவிப்பாளர் சொல்லிக்கொண்டேயிருந்தார். நாலேகால், நாலரை. எங்கள் கப்டன் மைதானத்தின் மூலையில் நின்று தென்னை ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற எல்லோரும் வீதியைப் பார்த்தார்கள், வாகனம் வருகிறதா என்று. இவன் ஓலையைப் பார்த்தான். முழு ஓலையும் கடல் பக்கம் வளைந்து நின்றது நாலரைக்கு. நாலே முக்காலுக்கு நுனி மட்டும் ஆடியது. அவன் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. ஏற்பாட்டாளர் ஒருவரிடம் போய் "தொடங்குவோமே, பேச்சை இடைவேளைக்கு வைப்போமே" என்று கேட்டேன். அவரும் பாவம், என்ன செய்வார். பிறகு வாகனம் வந்தது, மாலை, மங்கள விளக்கு, இரண்டு பேச்சு, இரண்டு அணியையும் வரிசையில் நிறுத்திக் கைகுலுக்கல்.

நாணயம் எங்கள் பக்கம் விழுந்தது. அப்போதைய விதியில் சுண்டி வென்றவர் எந்தக் கோலை நோக்கி அடிப்பது என்று மட்டும்தான் தெரிவுசெய்யலாம், பந்தைத் தொடக்குவது மற்றவருக்குப் போகும். 2019இல்தான் அதை மாற்றினார்கள். கப்டன் கிறுகி என்னைப் பார்த்தான். அப்புறம் ஓலையைப் பார்த்தான். இனி எதைத் தெரிந்தெடுத்தாலும் காற்று பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்காது. கடல் பக்கக் கோலைக் கையால் காட்டினான். என்னைத் தாண்டி ஓடும்போது சொன்னான், "இன்னும் கால் மணித்தியாலத்தில படுத்திடும். இருக்கிறதை எடுப்பம்."

எடுத்தார்கள். பன்னிரண்டாவது நிமிடமாக இருக்கும். எங்கள் கீப்பர் பந்தைப் பிடித்து, இரண்டடி வைத்து, கடைசிக் காற்றில் உயர அடித்தான். டவுன் அணியின் பின்வரிசை இரண்டு பேர் பந்து விழும் இடத்தைக் கணித்து நின்றார்கள், சரியான கணிப்புத்தான், காற்றில்லாத மைதானத்தில். பந்து அவர்கள் தலைக்கு மேலால் போய்ப் பின்னால் குத்தி எழும்பியது. எங்கள் முன்வரிசைப் பெடியன் அதற்கு முன்பே ஓடத் தொடங்கியிருந்தான், அவனுக்குத் தெரியும் அது எங்கே போகும் என்று. இடது காலால் ஒரு தட்டு. அவ்வளவுதான். ஒன்றுக்குப் பூச்சியம். எங்கள் சனம் எழுப்பிய சத்தத்தில் ஸ்பீக்கரில் அறிவிப்பாளர் சொன்னது ஒன்றுமே கேட்கவில்லை. வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிள் மேல் ஏறி நின்று காத்தான்குடிக் கீப்பர் இரண்டு கையையும் தூக்கினார். நேற்று எங்களிடம் தோற்ற ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர், எங்களுக்காகவே வந்திருந்தார்கள்.

இடைவேளைக்கு வரும்போது ஓலை அசையவில்லை.

சின்ன அணி இறுதிப்போட்டியில் நன்றாக ஆடினால் "அதிர்ஷ்டம்" என்று சொல்வார்கள், அல்லது "வீரம்" என்று சொல்வார்கள். இரண்டு சொல்லும் எனக்குப் பிடிக்காது. அந்தக் கோல் அதிர்ஷ்டத்தில் வந்ததில்லை, அது காற்றைத் தெரிந்தவர்களின் கோல். இங்கிலாந்தில் 1973இல் இரண்டாம் பிரிவிலிருந்த சண்டர்லண்ட் லீட்ஸை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கிண்ணத்தை எடுத்தபோதும், 1988இல் விம்பிள்டன் லிவர்பூலை அதே 1-0 என்று வென்றபோதும், பிறகு எல்லோரும் பேசியது கீப்பர்களைப் பற்றித்தான். சண்டர்லண்டின் ஜிம் மொன்ட்கொமரி அடுத்தடுத்து இரண்டு அடிகளைத் தடுத்தார். விம்பிள்டனின் டேவ் பீசன்ட் பெனால்டியைத் தடுத்தார், வெம்பிளியில் எஃப்.ஏ. கிண்ண இறுதியில் பெனால்டி தடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. பெரிய அணி அதிகம் அடிக்கும், அதனால் சின்ன அணியின் கீப்பர் அதிகம் தெரிவார். ஆனால் அவர் அந்த ஒரு நாளுக்காக எங்கிருந்தோ குதித்து வந்தவர் இல்லையே. ஏழு மீற்றர் முப்பத்திரண்டு சென்ரிமீற்றர் அகலக் கோலை எங்கள் பெடியன் மணலில் இரண்டு தென்னங்குற்றி நட்டுப் பழகினான், ஈர மணலில் பாய்ந்து பாய்ந்து.

இடைவேளையில் தோடம்பழம் வெட்டிக் கொடுத்தேன். கீப்பர் கையுறையைக் கழற்றாமல் என் கையால் வாயில் வாங்கிச் சாப்பிட்டான். "கழட்டினாத் திரும்பப் போட ஏலாது அண்ண" என்றான். உள்ளே ஈரமாக இருந்தது, அது வியர்வையா இரத்தமா என்று நான் பார்க்கவில்லை.

இரண்டாம் பாதியை நான் அதிகம் எழுதப்போவதில்லை. டவுன் அணி பதறவில்லை, அதுதான் அவர்களின் திறமை. முதல் பத்து நிமிடத்துக்குள் இரண்டு புதிய ஆட்களை இறக்கினார்கள், காலையில் எழும்பிப் பல் துலக்கிச் சாப்பிட்டுவிட்டு வந்த கால்கள். பதினான்காவது நிமிடத்தில் சமப்படுத்தினார்கள், அழகான கோல், நானே கைதட்டியிருப்பேன் வேறொரு நாள் என்றால். பிறகு இன்னும் ஒருவர், இன்னும் ஒருவர். இரண்டு அணியிலும் முதல் பதினொருவரை எடுத்துப் பார்த்தால் அன்றைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். வித்தியாசம் பதினைந்தாவது ஆளில் இருந்தது.

இருபத்திரண்டாவது நிமிடத்தில் எங்கள் இடது பின்வரிசைப் பெடியனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. விடியக் கயிறு இழுத்த ஏழு பேரில் ஒருவன். நான் ஓடிப்போய்க் காலை நீட்டி ஐஸ் வைத்தேன், தசை கல் மாதிரி உருண்டு நின்றது. மாற்ற ஆள் உண்டு. ஆனால் மிச்சமிருந்தவனுக்கு இவன் பூட்ஸ் இரண்டு அளவு சின்னது. காலை நுழைத்துப் பார்த்தான், குதி உள்ளே போகவில்லை. பலமாக அழுத்தினான், அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "விடு மச்சான், நான் நிக்கிறன்" என்று சொல்லி இவனே எழும்பி நொண்டி நொண்டி உள்ளே போனான். கப்டன் அவனைக் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினான், ஓடத் தேவையில்லாத இடம் என்று.

முடிய ஒரு நிமிடம் இருக்கக் கோனர். பந்து கீப்பரின் விரல் நுனியில் பட்டு, அந்தக் கம்பத்தடியில் விழுந்தது. ஒரு எட்டு வைத்து உதைத்தால் வெளியே போயிருக்கும். அவனால் அந்த ஒரு எட்டை வைக்க முடியவில்லை.

அன்றிரவு பாரிசிலிருந்து என் மச்சான் அழைத்தான், யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு. நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருந்தான். பிறகு "கலேயில நான் நிண்டப்ப நடந்த மாதிரியே இருக்கு" என்றான். கலே பிரான்சின் கரையோர நகரம், எங்கள் ஆட்களில் பலருக்கு லண்டனுக்குக் கடக்கக் காத்திருந்த இடம், அவ்வளவுதான், கடலுக்கு அந்தப் பக்கம் டோவர். அவன் 2000ஆம் ஆண்டு அங்கே நின்றான். அந்த வருடம் நான்காம் பிரிவில் ஆடிய கலே அணி, வேலைக்குப் போய்க்கொண்டே பந்து விளையாடிய ஆட்கள், பிரெஞ்சுக் கிண்ணத்தில் ஸ்ட்ராஸ்பூர்க்கை வென்று, அரையிறுதியில் நடப்புச் சம்பியன் போர்தோவை 3-1 என்று வென்று, இறுதிக்குப் போனது. மே 7, பாரிசுக்குப் பக்கத்தில் ஸ்தாத் து பிரான்ஸ் மைதானம், எதிரணி நாந்த். முதல் கோலைப் போட்டது கலேதான். இடைவேளை முடிந்து சில நிமிடத்தில் நாந்த் சமப்படுத்தியது. 90ஆவது நிமிடத்தில் ஒரு பெனால்டி. 2-1.

"தெருவில ஒரு சத்தமில்ல மச்சான். நாங்க வெளிநாட்டுக்காரர், எங்களுக்கும் அழுகை வந்திட்டு" என்றான்.

நாந்தின் கப்டன் லாண்ட்ரோ, அவரும் கீப்பர்தான், கலேயின் கப்டனையும் கூட்டிக்கொண்டு மேடைக்குப் போய் இரண்டு பேருமாகக் கிண்ணத்தைத் தூக்கினார்கள். அந்தக் காட்சியை நான் பிறகு எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நல்ல காட்சி. ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கலே நகரம் அந்த நினைவில் புது மைதானம் கட்டி அதற்குக் காவியம் என்று பொருள்படும் பெயரை வைத்தது, 2008இல். 2017இல் அந்தக் கழகம் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டுவிட்டது. கிண்ணத்தைச் சேர்ந்து தூக்குவதைப் படம் எடுக்க எல்லோரும் வந்தார்கள். சின்னக் கழகம் உயிரோடு இருக்க என்ன வேண்டும் என்று கேட்க அத்தனை பேர் வருவதில்லை, அங்கேயும் சரி இங்கேயும் சரி.

எங்கள் பெடியன்கள் அன்றைக்கு அழவில்லை. பட்டாவில் யாரும் பேசவில்லை. இடது பின்வரிசைக்காரன் பின்தட்டு ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான், கப்டனின் அம்மா முன்சீட்டை விட்டு இறங்கிப் பின்னால் ஏறி, வழி முழுக்க அவன் காலைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தா. திங்கட்கிழமை கீப்பர் கையுறையைக் கழுவிக் காயவைத்து, சைக்கிளில் காத்தான்குடிக்குப் போனான். அவர் வாங்கவில்லையாம். தேத்தண்ணீர் கொடுத்து, கையுறையையும் திருப்பிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

இதை இப்போது எழுதக் காரணம், அதே சுற்றுப்போட்டிக்கு இந்த வருட நோட்டீஸ் போன கிழமை வந்தது. எங்கள் ஊரில் இப்போது பத்தொன்பது பேர், எல்லோருக்கும் பூட்ஸ் இருக்கிறது, வெளிநாட்டிலிருப்பவர்களும் ஊர்க்காரரும் சேர்ந்து வாங்கியது. ஆனால் நோட்டீஸில் அரையிறுதி சனி, இறுதி ஞாயிறு. ஆரம்பம் நாலேகால்.

ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். இரண்டே கேள்விதான். அரையிறுதிக்கும் இறுதிக்கும் நடுவில் ஒரு கிழமை விட முடியுமா? பந்தல் வாடகை கூடும் என்றால் அந்த இரண்டாம் நாள் வாடகையில் பாதியை நாங்கள் ஊரில் சேர்த்துத் தருகிறோம், ஒரு நாள் வலையின் பங்கை அதற்கென்று ஒதுக்கப் பெடியன்கள் சம்மதித்துவிட்டார்கள். அடுத்தது, யார் வந்தாலும் வராவிட்டாலும் நோட்டீஸில் போட்ட நேரத்துக்கு விசில் ஊதலாமா, பேச்சையும் மாலையையும் பரிசளிப்போடு வைத்துக்கொள்ளலாமே. காற்றைப் பற்றியும் ஒரு பந்தி எழுதியிருக்கிறேன், அது அவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக ஓலை எத்தனை மணிக்கு எப்படி நின்றது என்பது உட்பட.

புதன்கிழமை கூட்டம். கீப்பர் இப்போது இருபத்தாறு வயதுக்காரன், இன்னும் அவன்தான் கீப்பர். அவனும் வருகிறான். காத்தான்குடிக் காக்காவும் தங்கள் கழகத்தின் சார்பில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், நேரில் வந்து பேசுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார்.